ஒடீல் பெல்ஷாவால் ஏமாற்ற முடியாத ஃப்யூஸ்

ஒடீல் பெல்ஷாவுக்குச் சம்பளம் கொடுத்தது ஃப்யூஸ்களைக் கொல்வதற்காக. மெர்ரிமாக் ஆற்றங்கரையில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் இருநூறு பெண்கள் காலையிலிருந்து மாலைவரை ஃப்யூஸ் செய்தார்கள். ஒடீல் ஒருத்தி மட்டும் அவர்கள் செய்ததில் நூற்றுக்கு ஒன்றை எடுத்துப் பலகையில் திருகி, தாங்க முடியாத அளவுக்கு மின்சாரத்தைப் பாய்ச்சி, உள்ளே இருக்கும் தகடு உருகி அறுந்துபோக எத்தனை விநாடி ஆயிற்று என்று நோட்டில் எழுதினாள். பதினொரு வருஷமாக இதே வேலை.

திறமையைப் பார்த்து யாரும் அவளை அங்கே உட்காரவைக்கவில்லை. முதலில் அவள் பெட்டி கட்டும் வரிசையில்தான் இருந்தாள். முதலாளி மூக்கு உறிஞ்சுவதையும், மேஸ்திரி கால்சட்டையை ஏற்றிவிட்டுக்கொள்வதையும் அவள் செய்து காட்ட, வரிசையே குலுங்கிச் சிரிக்க, பதினைந்து ஆம்பியர் பெட்டிகளுக்குள் முப்பது ஆம்பியர் ஃப்யூஸ்கள் போய்ச் சேர்ந்தன. வேலையை விட்டு அனுப்பலாம் என்றார் மேஸ்திரி. அனுப்பினால் அங்கேயே வேலை செய்த அவளுடைய மூன்று நாத்தனார்களும் கூடவே போய்விடுவார்கள் என்று தெரிந்ததும், தனி அறையில் போடலாம் என்றார். அப்படித்தான் சோதனை அறை கிடைத்தது. அங்கே அவள் பேச்சைக் கேட்க ஃப்யூஸ்கள்தான் இருந்தன. அவற்றுக்கும் ஆயுசு கம்மி.

கியூபெக்கில் பிறந்து, ஆறு வயதில் ரயிலேறி வந்தவள். புருஷன் ஆர்மான் செருப்புத் தொழிற்சாலையில் குதிகால் அடித்தான். நாலு பிள்ளைகள், ஒரு மாமியார். கியூபெக்காரர்கள் நிறைந்த லிட்டில் கனடா என்ற பேட்டையில் மூன்றாம் மாடியில் குடியிருப்பு. அவள் ஊர்க்காரர்கள் எல்லாரையும் போல அவளும் கோபம் வந்தால் கோயில் சாமான்களின் பேரைச் சொல்லித்தான் திட்டுவாள். கால் கட்டைவிரல் மேஜையில் இடித்தால் நற்கருணைப் பேழை. மாமியார் வாயைத் திறந்தால் பூசைக் கிண்ணம்.

அந்தக் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டிலும் ஃப்யூஸ் துளைக்குள் ஒரு சென்ட் காசு இருந்தது. ஃப்யூஸ் என்பது பல்பு மாதிரி திருகிப் போடுவதுதானே. போன ஃப்யூஸைக் கழற்றி, துளையின் அடியில் ஒரு செப்புக் காசைப் போட்டு, செத்த ஃப்யூஸையே திரும்பத் திருகினால் விளக்கு எரியும். மின்சாரம் காசு வழியாகப் போகும். காசு எதற்கும் உருகாது. அதற்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் கம்பி காயும், பிறகு சுவர் எரியும். நாளெல்லாம் ஃப்யூஸ் சோதிக்கும் ஒடீல் வீட்டுத் துளையிலும் காசுதான். அதைப் பற்றி அவளுக்கு வெட்கமெல்லாம் இல்லை.

1935 குளிர்காலத்தில் சுற்றுவட்டாரத்தில் மூன்று குடியிருப்புகள் எரிந்தன. காப்பீட்டுக்காரர்கள் கத்தினார்கள். யாராலும் ஏமாற்ற முடியாத ஃப்யூஸ் ஒன்று வேண்டும் என்று முதலாளி தன் என்ஜினியரிடம் சொன்னார். என்ஜினியர் பேர் லாத்ராப். இருபத்தெட்டு வயது, பாஸ்டன் படிப்பு, கழுத்துப் பட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. ஏப்ரல் மாதம் அவர் முதல் மாதிரியைச் சோதனை அறைக்குக் கொண்டுவந்தார்.

"இத எந்த மனுஷனாலயும் ஏமாத்த முடியாது, மிஸஸ் பெல்ஷா."

"மனுஷியால?"

அவர் சிரித்தார். சோதனைப் பலகையின் துளைக்குள் ஒரு குறுகலான உறையைத் திருகியிருந்தார். பதினைந்து ஆம்பியர் உறைக்குள் பதினைந்து மட்டும்தான் போகும். முப்பதைத் திணிக்க முடியாது. காசும் நுழையாது. ஒடீல் இரண்டு விரலை விட்டு உறையையே திருகி வெளியே எடுத்து, பழைய துளையில் காசைப் போட்டு, முப்பது ஆம்பியரைத் திருகினாள். விளக்கு எரிந்தது.

"வேற ஏதாச்சும் வச்சிருக்கீங்களா சார்?"

மே மாதம் அடுத்தது வந்தது. உறையில் எஃகு முள் ஒன்று வைத்திருந்தார். ஒருமுறை திருகினால் பிறகு வெளியே வராது. ஒடீல் குறடால் இழுத்துப் பார்த்தாள், நகம் உடைந்தது, மூன்று கோயில் சாமான்களின் பேரைச் சொன்னாள். உறை வரவில்லை என்று ஒத்துக்கொண்டாள். பிறகு வாயில் மென்றுகொண்டிருந்த சூயிங் கம்மின் வெள்ளித்தாளைப் பையிலிருந்து எடுத்து, உருண்டையாகச் சுருட்டி உள்ளே போட்டு, செத்த ஃப்யூஸைத் திருகினாள். விளக்கு எரிந்தது. லாத்ராப் தன் குறிப்பேட்டில் 'சூயிங் கம் தாள்' என்று எழுதிக்கொண்டார்.

ஜூன் மாதம் அவர் அடிப்பகுதியை மாற்றியிருந்தார். ஃப்யூஸுக்குக் கீழே எது கிடந்தாலும் ஃப்யூஸ் அடிவரை இறங்காது, இறங்காவிட்டால் தொடர்பு கிடைக்காது. வெள்ளித்தாள் உருண்டையை வைத்துப் பார்த்தாள், எரியவில்லை. லாத்ராப் கைகளைக் கட்டிக்கொண்டார். ஒடீல் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றினாள். அதில் புனித அன்னம்மாள் பதக்கம் இருந்தது. மாமியார் நாற்பது வருஷம் முத்தமிட்டு முத்தமிட்டுக் காகிதம் மாதிரி தேய்த்து, கல்யாணத்தன்று அவளுக்குக் கொடுத்தது. அதை உள்ளே போட்டுத் திருகினாள். அன்னம்மாள் பதினைந்து ஆம்பியரைத் தாங்கினாள், முப்பதைத் தாங்கினாள், அறுபதிலும் அசையவில்லை.

லாத்ராப் விளக்கை அணைத்து, பதக்கத்தை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு இத்தனை மெல்லிசா ஒண்ணு வச்சிருப்பாங்க?" என்றார்.

"எங்க தெருவுல நாப்பது பேரு, சார்."

அன்னம்மாளுக்கு மின்சாரம் பாய்ச்சிய கதை வெள்ளிக்கிழமைக்குள் தெரு முழுக்கப் பரவியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதர் செவின்யி அவளைத் தம் வீட்டுக்கு வரச்சொன்னார். நல்ல பருத்த உடம்பு, சின்ன விஷயத்துக்கும் முகம் சிவந்துவிடும்.

"மதாம் பெல்ஷா, புனிதப் பதக்கத்த ஃப்யூஸ் பெட்டிக்குள்ள போட்டியாமே?"

"போட்டேன் ஃபாதர். நல்லாவே வேல செஞ்சாங்க."

"இது சிரிக்கிற விஷயமில்ல. அது அர்ச்சிச்ச பொருள்."

"அப்ப அர்ச்சிக்காத பொருளா எதப் போடலாம் ஃபாதர்?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது சமையலறையில் புது ஃப்ரிட்ஜ் உறுமியபடி ஓட ஆரம்பித்தது. தலைக்கு மேல் விளக்கு மங்கி, அப்புறம் பிரகாசமானது. ஒடீல் நிமிர்ந்து விளக்கைப் பார்த்தாள். இந்தப் பழைய வீட்டுக் கம்பியில் இவ்வளவு மங்கினால் ஃப்யூஸ் போயிருக்க வேண்டும். போகவில்லை.

"ஃபாதர், உங்க ஃப்யூஸ் பெட்டி எங்க இருக்கு?"

ஃபாதர் முகம் சிவந்தது. நிலவறையில்தான் இருந்தது. அவள் இறங்கிப் போய்ப் பார்த்தாள். ஆறு துளைகள். நான்கில் காசு. அதிலும் ஒன்று கனடாக் காசு.

மேலே வந்தபோது ஃபாதர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "அந்த ஃப்ரிட்ஜ் வந்ததுலேருந்து வாரத்துக்கு நாலு தடவ ஃப்யூஸ் போவுது," என்றார் தாழ்ந்த குரலில். "வித்தவனக் கூப்பிட்டுக் கேட்டேன், மெஷின்ல ஒரு கோளாறும் இல்லங்கறான். ஒவ்வொரு தடவயும் இருட்டுல படி எறங்கணும். எனக்கு முட்டி வேற சரியில்ல. நான் என்ன செய்ய?"

"பரிகாரமா மூணு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லுங்க," என்றாள் ஒடீல். ஆனால் காசுகளைப் பிடுங்கிக்கொண்டுதான் போனாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. ஃபாதர் ஒன்றும் வீட்டை எரிக்கிற ஆள் இல்லை. அவள் குடியிருப்பில் இருக்கும் பன்னிரண்டு குடும்பமும் இல்லை. மோட்டார் கிளம்பும்போது ஒன்றிரண்டு விநாடிக்கு ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுக்கும், அவ்வளவுதான், அப்புறம் அடங்கிவிடும். அந்த ஒன்றிரண்டு விநாடியைப் பொறுக்கமாட்டாமல் ஃப்யூஸ் செத்துப்போகிறது. ஒரு காரணமுமில்லாமல் வாரத்துக்கு நாலு தடவை இருட்டில் தள்ளினால் எந்தப் புனிதரும் காசைத்தான் தேடுவார்.

திங்கட்கிழமை லாத்ராப் புதிய வரைபடத்தோடு வந்தார்.

"சனங்கள திருத்துறத விடுங்க சார்," என்றாள் ஒடீல். "உங்க ஃப்யூஸ திருத்துங்க."

"ஃப்யூஸ்ல என்ன தப்பு? அளவு மீறுனா அறுந்து போறதுதான் அதோட வேல."

"ரெண்டு செகண்டு மீறுனதுக்கு அறுந்து போறது ஃப்யூஸ் இல்ல சார், என் மாமியாரு."

லாத்ராப் பென்சிலைக் கீழே வைத்தார். "சரி. பொறுமையா இருக்குற ஃப்யூஸ் ஒண்ணு செய்யறேன்னு வைங்க. கம்பியும் கம்பியும் உரசி ஷார்ட் ஆகுதே, அப்பவும் அது பொறுமையாத்தான் இருக்கும். வீடே போயிடும். ரெண்டும் ஒண்ணா வேணும்னா எப்படி?"

ஒடீல் அந்தக் கேள்வியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். இரண்டு நாள் யாரையும் நடித்துக் காட்டவில்லை. உடம்பு சரியில்லையா என்று மேஸ்திரி அவளை விசாரித்தார்.

மூன்றாம் நாள் பழைய நோட்டுகளைப் புரட்டினாள். 1931இல் ஒரு பெட்டி. ஈயம் பற்றவைக்கும் பெண் ஒருத்தி முந்தின நாள் கல்யாண விருந்தில் குடித்த மயக்கம் தெளியாமல், தகட்டின் நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஈயத்தை அப்பிவிட்டிருந்தாள். ஒடீல் கையெழுத்தில் எழுதியிருந்தது: 'பத்து விநாடியில் போகவேண்டியது நாற்பது விநாடி நிற்கிறது. ஷார்ட் செய்தால் உடனே போகிறது. கழிவு.'

கழித்த ஃப்யூஸ்களை அவள் அப்போதே வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். காற்றில் பறக்காமலிருக்கத் திரைச்சீலையின் ஓரத்தில் வைத்துத் தைத்திருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடி, மாமியார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்தரிக்கோலால் திரைச்சீலையைப் பிரித்தாள்.

"மருமவளுக்குப் புத்தி பெரண்டுருச்சு," என்று மாமியார் ஜன்னல் வழியாகத் தெருவுக்கு அறிவித்தாள்.

நூல் ஒட்டிக்கொண்டிருந்த பதினொரு ஃப்யூஸ்களை லாத்ராப் மேஜையில் வரிசையாக வைத்தாள். அவர் மூன்றை மெதுவாகச் சூடேற்றினார், மூன்றை ஷார்ட் செய்தார். பிறகு கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். அதை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஈயக் கட்டி சூடாக நேரமாவுது," என்றார் மெல்ல. "அதான் பொறுமை. ஷார்ட் ஆச்சுன்னா தகடு கட்டிக்காகக் காத்திருக்காம தானே அறுந்துடுது. ரெண்டு பேரு ஒரே வீட்டுல."

"ஒருத்தரு ஆர்மான், ஒருத்தி நான்," என்றாள் ஒடீல்.

ஏழு மாதம் ஆயிற்று. ஈயம் இளகினதும் இணைப்பைச் சட்டென்று இழுத்துப் பிரிக்க ஒரு சின்ன ஸ்பிரிங்கைச் சேர்த்தார்கள். ஸ்பிரிங் முதலில் சீக்கிரம் பிய்த்துக்கொண்டது, அப்புறம் பிய்க்கவே மறுத்தது. ஒடீல் இரண்டாயிரத்துக்கும் மேலே கொன்றாள். இருவரும் தினமும் சண்டை போட்டார்கள். லாத்ராப் பிரெஞ்சில் திட்டக் கற்றுக்கொண்டார். உச்சரிப்பு மோசம், ஆனால் பூசைப் பாத்திரங்களில் ஒன்றையும் விடவில்லை. கூடவே அவருடைய முள் வைத்த உறையும் சரியானது. அடியில் அன்னம்மாளைப் போட்டால்கூட ஃப்யூஸ் தொடாதபடி இழைத்திருந்தார்.

முதல் சோதனை ஃபாதர் செவின்யி வீட்டில். ஃப்ரிட்ஜ் ஓடியது, துணி துவைக்கிற மெஷின் ஓடியது, இஸ்திரிப் பெட்டி காய்ந்தது. விளக்கு மங்கி நிமிர்ந்தது, ஃப்யூஸ் நின்றது. பிறகு ஒடீல் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, எரிந்துகொண்டிருந்த விளக்கின் வயரைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். டப்பென்று ஒரு சத்தம். ஃபாதர் சிலுவை போட்டு முடிப்பதற்குள் ஃப்யூஸ் போயிருந்தது. கத்தரிக்கோலில் ஒரு குழி. கடைசியாக, புது ஃப்யூஸைத் திருகி, இரண்டு ஹீட்டரையும் இஸ்திரிப் பெட்டியையும் ஒரே கம்பியில் மாட்டிவிட்டு மூவரும் காப்பியும், சர்க்கரை வைத்துச் சுட்ட 'பை' பலகாரமும் சாப்பிட்டார்கள். ஒன்பதாவது நிமிஷம் எல்லாம் அணைந்தது. லாத்ராப் சுவர்க் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

"இன்னொரு துண்டு பை வேணுமா?" என்று கேட்டார் ஃபாதர், இருட்டில்.

அடுத்த வசந்தத்தில் பாஸ்டனில் காப்பீட்டுக்காரர்கள் முன்னால் காட்ட வேண்டியிருந்தது. நீளமான மேஜை, பதினான்கு பெரிய மனிதர்கள். லாத்ராப் பேசினார், படம் காட்டினார். ஒருத்தர் கொட்டாவி விட்டார். "இத ஏமாத்த முடியாதுன்னு நான் சொன்னா நம்ப வேண்டாம்," என்றார் லாத்ராப். "நியூ இங்கிலாந்துலயே பெரிய ஏமாத்துக்காரி ஒருத்தங்கள கூட்டிட்டு வந்திருக்கேன்." ஒடீல் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கைப்பையைக் கவிழ்த்தாள். காசு, வெள்ளித்தாள், கொண்டை ஊசி, தகர மூடி, கிட்டார் கம்பி, குறடு, அன்னம்மாள். ஐம்பது நிமிஷம் ஆயிற்று. கொட்டாவி விட்டவர் எழுந்துவந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று யோசனை சொல்ல ஆரம்பித்தார். கடைசியில் அவள் குறடை மேஜையில் போட்டுவிட்டு, ஒரு தேவாலயத்தின் மொத்தச் சாமானையும் ஒரே மூச்சில் சொன்னாள். அறையில் பிரெஞ்சு தெரிந்த ஒருத்தர் மட்டும் இருமினார். அங்கேயே ஏற்றுக்கொண்டார்கள்.

திரும்பி வரும் ரயிலில் அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள்.

"நாம ஜெயிச்சோம், மிஸஸ் பெல்ஷா."

"நீங்க ஜெயிச்சீங்க சார். ஏமாத்துற கட்சி நானு. நான் தோத்துட்டேன்."

காப்புரிமைப் பத்திரத்தில் லாத்ராப் பேரும் முதலாளி பேரும் இருந்தன. ஒடீலுக்கு ஒரு மின்சாரச் சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். லாத்ராப் முதலாளியிடம் போய்ச் சத்தம் போட்டார், பத்திரம் மாறவில்லை. ஆனால் சோதனை அறைக்கு அவளைத் தலைவியாக்கி, கீழே நாலு பெண்களைக் கொடுத்தார்கள். முதல் நாளே அவள் அவர்களுக்கு முதலாளி மூக்கு உறிஞ்சுவதைக் கற்றுக்கொடுத்தாள். லாத்ராப் வெட்கத்தோடு வந்து பத்திரத்தைப் பற்றி மன்னிப்புக் கேட்டபோது, "எம் பேர யாரும் சரியா எழுதப் போறதில்ல, விடுங்க," என்றாள். அப்படிச் சொன்னாளே தவிர, அன்று சாயந்தரம் வீட்டில் பாத்திரங்களை வைத்த சத்தம் இரண்டு மாடி கீழே கேட்டது.

கடிகாரத்தைக் குடியிருப்பின் சொந்தக்காரனிடம் விற்றுவிட்டாள். அந்த ஆகஸ்டில் ஆர்மானையும் நாலு பிள்ளைகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு ஓல்ட் ஆர்ச்சர்ட் கடற்கரைக்கு ரயிலேறினாள். மாமியார் காலணியைக் கழற்றி, முழங்கால் வரை தண்ணீரில் நின்று, ஐஸ் போட்டதுபோல் இருக்கிறது என்று எல்லாரையும் திட்டினாள். மாலை வரை வெளியே வரவில்லை. ஒடீல் மணலில் கால்நீட்டி உட்கார்ந்து, பொரித்த சிப்பி ஒரு பொட்டலம் முழுவதையும் யாருக்கும் கொடுக்காமல் தானே தின்றாள்.