கண் குத்தாத ஸ்கிரீன்

போன வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. வீட்டில் நான் மட்டும். காற்றுக்காக வாசல் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். காதில் இயர்போன். பத்திரிகைக்கு வாராவாரம் எழுதும் பத்தியை மும்முரமாக அடித்துக்கொண்டிருக்கிறேன்.

முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"'எதிர்வீட்டு மாமாவின் ஏழு ஜோடிச் செருப்பு'... ஏன் சார், எதிர்வீடுன்னா நாங்கதானே?"

இயர்போனைப் பிடுங்கினேன்.

எதிர் ஃபிளாட் மாமா. தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு என்று கேட்க வந்தவர். வந்தவர், நான் அடித்ததை ஓர் எழுத்து பிசகாமல் படிக்கிறார். எப்படி? என் பத்தி என் காதுக்குள் அல்லவா இருக்கிறது? அது எப்போது வெளியே போயிற்று?

"மாமா... உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"வாசல்லேர்ந்தே தெரியறதே சார். ஒவ்வொரு எழுத்தும் தி.நகர் ஜவுளிக்கடை போர்டாட்டம்னா இருக்கு. நான் கண்ணாடியை ஆத்துலயே வெச்சுட்டு வந்துட்டேன், அப்பவும் படிக்க முடியறது." குரல் இன்னும் பக்கத்தில் வந்தது. "அப்புறம் சார்... ஏழு இல்லே, ஆறு. அதுலயும் ரெண்டு மாமியோடது."

லாரி நாலு மணிக்கு என்றேன். போய்விட்டார். நான் போட்டது போட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு விஷயம். எனக்கு இடது கண் முப்பத்து நாலு வயதில் போனது. வலது கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் தெரியும் — ஜன்னல் எங்கே, டியூப்லைட் எங்கே, அந்த அளவுக்கு. இத்தனை வருடமும் உங்களிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் அடிப்பதைக் கம்ப்யூட்டர் எனக்கு வாசித்துக் காட்டும். ஸ்கிரீன் ரீடர் என்று பெயர். காதால் கேட்டே எழுதுகிறவனுக்கு மானிட்டர் எதற்கு? அதிலும் அந்த வெளிச்சம் என் வலது கண்ணை ஊசி மாதிரி குத்தும். யாராவது தெரியாமல் போட்டுவிட்டால், அணை அணை என்று கத்துவேன். கடைசியில் அணைத்தே வைத்தேன். துண்டு காயப் போட உதவிக்கொண்டிருந்தது. பதினொரு வருடம் முன்னால் பழைய பேப்பர் கடைக்குப் போட்டாயிற்று.

அதில் ஒரு சௌகரியம் பாருங்கள். நடு ஹாலில் உட்கார்ந்து எதை வேண்டுமானாலும் எழுதலாம். பின்னால் சாந்தி — என் மனைவி, கணக்கு டீச்சர் — பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பாள். அவளைப் பற்றியே எழுதினாலும் அவளுக்குத் தெரியாது. இந்த மாதிரி பாதுகாப்பு எந்தப் பூட்டுக் கம்பெனிக்காரனும் தரமாட்டான்.

சிஸ்டம் பழையது. ஸ்கிரீன் ரீடர் அதைவிடப் பழையது. ஒருநாள் பத்திரிகை ஆபீஸ் மெயிலே திறக்க மறுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் திருவல்லிக்கேணியிலிருந்து ரஃபீக் பாயைக் கூப்பிட்டேன். சின்னதாக சர்வீஸ் கடை வைத்திருப்பவர்.

"இன்னா சார், மானிட்டர் எங்க கீது?"

"இல்ல பாய்."

"இல்லன்னா?"

"எனக்கு எதுக்கு? பேப்பர் கடைக்குப் போட்டாச்சு."

மேஜையைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பிறகு, "பதினெட்டு வருசமா ரிப்பேர் பண்ணிக்கினு கீறேன் சார். தலையில்லாத கம்ப்யூட்டர இப்பதான் பாக்குறேன்" என்றார்.

இதில் எதை ஏற்றினாலும் ஓடாது, மெஷினையும் மாற்றவேண்டும், சிஸ்டத்தையும் மாற்றவேண்டும் என்று தீர்ப்பு சொன்னார். அடுத்த வாரம் ஒரு லேப்டாப்போடு வந்தார். வேறு கம்பெனி, வேறு சிஸ்டம். "பேசுற சமாச்சாரம் உள்ளாறவே கீது சார், தனியா போட வேணாம்." மேஜையில் வைத்துத் திறந்தார். என்னை எதிரே உட்காரவைத்தார்.

"பார்வ சுத்தமா இல்லியா சார்?"

"ஏன் இல்லை? கொஞ்சம் தெரியுமே" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். சாந்தி சமையலறையில் இருந்தாள். அவள் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னேன்.

"அப்ப சரி சார்" என்று எதையோ தட்டினார். நான் இயர்போனை மாட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் பட்ட பாடு இருக்கிறதே... இருபது வருடம் குடியிருந்த வீட்டில் கதவையெல்லாம் யாரோ இடம் மாற்றி வைத்த மாதிரி. மூளைக்குப் புரிகிறது. விரல் கேட்க மாட்டேன் என்கிறது. பழைய சிஸ்டத்தில் ஒரு வரியை வாசிக்கச் சொல்லும் இரண்டு கீயைப் பழக்கதோஷத்தில் அழுத்தினேன். பேச்சே நின்றுபோயிற்று. மெஷின் உயிரோடு இருக்கிறதா, போய்விட்டதா? எப்படிக் கண்டுபிடிப்பது? நாற்பது நிமிடம் அதன் முன்னால் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு ரஃபீக் பாய்க்கு போன் போட்டேன். "அதே ரெண்டு பட்டன மறுபடி அமுக்கு சார்" என்றார். பேசியது. அன்றைக்கு அந்தக் குரல் என் சொந்தத் தங்கை குரல் மாதிரி இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் தெரியும் என்றதை நம்பி, பாய் எழுத்தைப் பெரிசாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஸ்கிரீன் எரிவது எனக்கு ஏன் தெரியவில்லை?

என்னிடம் இருந்த இண்டிகேட்டர் ஒன்றே ஒன்றுதான். கண் குத்தினால் ஸ்கிரீன் எரிகிறது. குத்தாவிட்டால் அணைந்திருக்கிறது. புது லேப்டாப் குத்தவில்லை. அதனால் ஸ்கிரீன் அணைந்திருக்கிறது என்று பழைய பழக்கம் சொல்லிவிட்டது. அது ஏன் குத்தவில்லை என்று யோசித்திருக்க வேண்டியவன் நான். யோசிக்கவில்லை. ஏனென்றால் காரணம் எனக்கு நன்றாகவே தெரியும். அதைத்தான் எல்லோரிடமும் மறைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் முன்னால் ஒரு காலை. காபியோடு கிழக்கு ஜன்னல் பக்கம் உட்காருவது வழக்கம். எனக்கு அது வெளுப்பாக ஒரு சதுரம். அன்றைக்குச் சதுரத்தைக் காணோம். மழையோ என்று கையை நீட்டினேன். கையில் வெயில் சுடுகிறது. ஜன்னல் மட்டும் இல்லை.

சாந்தியிடம் ஏதோ கூட்டம் என்று சொல்லிவிட்டு, தனியாக ஆட்டோ பிடித்து அடையாறில் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். இனி வராது என்றார். வீட்டுக்கு வந்து, கூட்டம் நன்றாக நடந்தது என்றேன்.

ஏன் சொல்லவில்லை? சாந்தியின் பள்ளி எங்கள் மந்தைவெளி வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மதியம் வந்து என்னோடு சாப்பிட்டுவிட்டுப் போவாள். அதே நிர்வாகத்துக்குத் தரமணியில் இன்னொரு பள்ளி இருக்கிறது. அதற்குத் தலைமையாசிரியையாகப் போகச் சொல்லி மூன்றாவது முறையாகக் கேட்டிருந்தார்கள். முதல் முறை கேட்டபோது என் இடது கண் போயிருந்தது. வேண்டாம் என்றாள். இரண்டாவது முறை வலது கண்ணில் ஆபரேஷன். வேண்டாம் என்றாள். இந்தத் தடவையும் என் கண்ணே குறுக்கே வந்து நிற்கவேண்டுமா? அவள் கையெழுத்துப் போடும்வரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அதனால் நடித்தேன். சாயங்காலமானால், "லைட்டு போட்டுட்டியா? கண்ணு கூசுது" என்பேன். "ஆமாங்க" என்பாள். என் நடிப்பை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் மனதில் இருப்பதை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டாமா? தினமும் ஒரு ஃபைலில் எழுதினேன். ஜன்னல் காணாமல் போனது, டாக்டர் சொன்னது, எனக்குப் பயமாக இருப்பது... எல்லாவற்றையும். கடைசி மூன்று வாரம் எழுதியது இந்த லேப்டாப்பில். ஜவுளிக்கடை போர்டு எழுத்தில். சமையலறைக்குப் போகிறவர் வருகிறவர் பார்வையில்.

இப்போது புரிகிறதா, வியாழக்கிழமை நான் ஏன் அப்படிப் பதறினேன் என்று?

பன்னிரண்டே முக்காலுக்கு சாந்தி வந்தாள். தட்டு வைத்தாள், சாதம் போட்டாள். வத்தக்குழம்பு. எனக்கு இறங்கவில்லை.

"சாந்தி, லேப்டாப் ஸ்கிரீன் எரியுதா?"

கரண்டிச் சத்தம் நின்றது.

"எரியுதுங்க."

"எவ்வளவு நாளா?"

"பாய் வச்சுட்டுப் போன அன்னைலேர்ந்து."

"நீ படிச்சியா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. எதிர்வீட்டு மாமா கண்ணாடி இல்லாம வாசல்லேர்ந்து படிக்கிறாரு."

"அதுக்குத்தான நாற்காலிய டைனிங் டேபிள் பக்கம் மாத்திக்கிட்டேன்? பின்னால உக்காந்தா படிக்காம இருக்க முடியாது. எழுத்து அம்மாம் பெருசு. உங்களுக்குத் தெரியாம நான் படிச்சா அது திருட்டுங்க."

நாற்காலி இடம் மாறியதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. ஃபேன் காற்றில் பேப்பர் பறக்கிறது என்று காரணம் சொல்லியிருந்தாள். அப்பாடா என்று இருந்தது. படிக்கவில்லை. அப்படியானால் தெரியாது. சமாளித்துவிடலாம். "ஒண்ணுமில்ல, பாய் வெளிச்சத்தைக் கம்மியா வச்சிருப்பாரு, அதான் எனக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"ஏங்க," என்றாள் சாந்தி. "படிச்சாத்தான் தெரியணுமா?"

நான் தட்டில் சாதத்தைப் பிசைய ஆரம்பித்தேன்.

"மானிட்டரைப் போட்டா போதும், கண்ணு குத்துதுன்னு வீட்டையே ரெண்டாக்குவீங்க. அன்னைக்கு பாய் லேப்டாப்பத் திறந்தாரு. வெளிச்சம் நேரா உங்க மூஞ்சியில அடிக்குது. நீங்க சும்மா உக்காந்திருந்தீங்க. இமைகூட ஆடல. 'கொஞ்சம் தெரியும்'னு அவர்கிட்ட சொல்றீங்க. நான் டீ டம்ளரோட சமையக்கட்டு வாசல்ல நின்னுட்டிருந்தேன்."

முதல் நாளே. முதல் நிமிடமே.

"ஹால் டியூப்லைட் ஃப்யூஸ் போயி பத்து நாளாச்சு" என்றாள். "தினம் சாயங்காலம் கண்ணு கூசுதுன்னீங்க."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பத்து நாள் இருட்டு ஹாலில் உட்கார்ந்து கண் கூசியிருக்கிறேன். அவளும் ஆமாங்க, ஆமாங்க என்றிருக்கிறாள்.

"ஸ்கிரீனையாவது அணைச்சிருக்கலாமே?"

"எந்தப் பட்டனைத் தட்டி உங்க எழுத்து மொத்தமா போயிடுமோன்னு பயம். உங்ககிட்ட சொல்லலாம்னா... வெளிச்சம் தெரியலன்னு நீங்க ஒத்துக்கணும். அதை நீங்களா சொல்லட்டும்னு விட்டுட்டேன். ஏன் சொல்லல?"

சொன்னேன். தரமணி, தலைமையாசிரியை, மூன்றாவது முறை, எல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டு, இப்போது வேண்டாம் என்பாள், பேச்சு அங்கேதான் போய் முடியும் என்று காத்திருந்தேன்.

"அதுவா? போன திங்கக்கிழமையே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

கையில் பிசைந்த சாதம் தட்டிலேயே விழுந்தது.

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சேதான். மொத நாலு நாள் எனக்குச் சோறு தண்ணி இறங்கல. வேணாம்னு லெட்டர்கூட எழுதி வச்சேன். அப்புறம் உங்களையே பாத்துட்டிருந்தேன். டிகாஷன் இறக்கறீங்க. துணி மடிக்கிறீங்க. மார்க்கெட் போயி பேரம் பேசி கத்திரிக்கா வாங்கியாறீங்க. அந்த மெஷினோட மல்லுக்கட்டறீங்க. பத்தி ஒரு வாரம்கூட நிக்கல. வெளிச்சம் போனதுல என்னதான் கொறஞ்சுதுன்னு தேடித் தேடிப் பாத்தேன். ஒண்ணும் அகப்படல. லெட்டரக் கிழிச்சுட்டேன். நீங்க உங்க விஷயத்தைச் சொன்னா, நானும் என் விஷயத்தைச் சொல்லலாம்னு இருந்தேன்."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன். ஆனால் முதலில் வந்தது என்னவோ ஒரு சின்ன வலி. இத்தனை வருடமாக என் கண்தான் இவள் வழியை மறிக்கிறது என்று எவ்வளவு பெரிய ஆளாக என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கணக்கு டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இவன் சமாளித்துக்கொள்வான் என்று எனக்கு பாஸ் மார்க் போட்டிருக்கிறாள். பரீட்சை நடந்ததே எனக்குத் தெரியாது.

பிறகு அழுகை வந்தது. வத்தக்குழம்பு காரம் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

"ஜூன்லேர்ந்து மதியம் நீங்களே போட்டுச் சாப்பிடணும். குக்கரை மட்டும் சரியா மூடுங்க" என்றாள். அவள் குரலும் சரியாக இல்லை.

எங்களை மாதிரி ஆட்களுக்கு ஒரு கோளாறு உண்டு. குரலை வைத்தே ஆளை எடை போட்டுப் பழகிவிடுகிறோம். நம் குரலைச் சரியாக வைத்துக்கொண்டால் போதும், யாருக்கும் எதுவும் தெரியாது என்று நம்பிவிடுகிறோம். மற்றவர்களுக்குக் கண் தெரியும் என்பதே மறந்துபோய்விடுகிறது.

ரஃபீக் பாயிடம் ஸ்கிரீனைக் கருப்பாக்கும் வழியைக் கேட்டுக்கொண்டேன். மூன்று கீ. விரலுக்கு இரண்டே நாளில் பழகிவிட்டது. டியூப்லைட் மாற்றியாயிற்று. எதிர்வீட்டு வாசலில் இப்போது இரண்டே ஜோடிதானாம், சாந்தி எண்ணிச் சொன்னாள். செருப்புப் பத்தியைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாகத்தான் இது. இதை மட்டும் ஸ்கிரீனை எரியவிட்டே அடிக்கிறேன். சாந்தியின் நாற்காலி மறுபடி என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. பேப்பர் திருத்துகிறாள்... ஆனால் அரை மணி நேரமாகப் பேனாச் சத்தத்தைக் காணோம்.