சப்பரம் இல்லை, சீனக் கட்டில்

கப்பலில் இருபத்தாறு வருடம் சமையல்காரனாக இருந்துவிட்டு, போன வருடம் ஒரேயடியாகக் கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தேன். கையோடு ஓர் ஆசையும் வந்தது. சீனத் துறைமுகம் ஒன்றில் எங்கள் கப்பலுக்குக் காய்கறி கொடுக்கும் வியாபாரி ஒருமுறை என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனார். கூடத்தில் ஓர் அகலக் கட்டில், மூன்று பக்கமும் தாழ்வான மரத்தடுப்பு. பகலுக்கு மட்டுமான கட்டிலாம் அது. ராத்திரித் தூக்கத்துக்கு உள்ளே வேறு கட்டில் கிடந்தது. நடுவில் ஒரு குட்டி மேசை. அந்தப் பக்கம் அவர் மனைவி, இந்தப் பக்கம் அவர். காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டு, தேநீர் குடித்தபடி என்னவோ வழக்காடிச் சிரித்தார்கள். விருந்தாளிக்கு மேசையின் ஒரு பக்கத்தைக் கொடுப்பதுதான் மரியாதை என்று அந்த அம்மா எழுந்து இடம்விட்டார். எனக்கோ அவர்களைப் பிரித்து நடுவே உட்கார மனமே இல்லை. என் வீட்டிலும் நாங்கள் ரெண்டு பேரும் இப்படி உட்கார வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

தூத்துக்குடியில் பழைய மரச்சாமான் கடை ஒன்றில் அதேபோல் ஒரு கட்டிலைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேசையோடு சேர்த்துக் குட்டியானை வண்டியில் ஏற்றிவிட்டேன். தூறல் விழுந்ததால் ஓட்டுநர் நாலு மூலைக்கும் கம்பு கட்டி, மேலே நீலப் படுதாவை விரித்தார். தடுப்பு முழுக்கப் பூவேலைப்பாடு வேறு. எங்கள் மாதா கோயிலில் திருவிழாக் கொடி ஏறி, மாதா சொரூபம் ஊர்வலம் போகும் சப்பரத்தைத் தெருவே எதிர்பார்த்திருந்த நேரம் அது. வண்டி தெருவுக்குள் நுழைந்ததும் நாலைந்து பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிவந்தார்கள்.

"அண்ணாச்சி, சப்பரத்த ஏன் இங்கன இறக்குதீங்க? கோயிலுக்குல்லா போகணும்?" என்றார் எதிர்வீட்டு அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் சப்பரத்தில் நேர்ச்சையாகப் போட அவர் வைத்திருந்த உப்பு மிளகுப் பொட்டலம் கட்டிலில் வந்து விழுந்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். "ஏ ஆத்தா, உக்காருத கட்டிலுக்கா உப்பு மிளகு போட்டேன்!" என்று பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு, சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து தெருவுக்கே அது செல்லக் கட்டில். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தொட்டிலைவிட அதில்தான் தூக்கம் வருகிறது. மூன்று பக்கம் தடுப்பு இருப்பதால் உருண்டு விழும் பயமில்லை. புதியம்புத்தூர்க் கம்பெனிக்குச் சட்டை தைக்கும் எதிர்வீட்டு அம்மா பொத்தான் வைக்க அங்கேதான் வருவார். மத்தியானம் நான் ஜமீன்தார் கணக்காகச் சாய்ந்து கிடப்பேன். கரிசல் காற்றில் வந்து பூவேலைப்பாட்டில் அடையும் புழுதியைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைப்பதும் நான்தான்.

என் மனைவி மட்டும் உட்காரவில்லை. "உப்பு மிளகு விழுந்த எடத்துல எப்படிக் கால நீட்டுதது?" என்பாள். மேசையில் டீயை வைப்பாள், அடுக்களைக்குப் போய்விடுவாள். காரணம் உப்பும் இல்லை, மிளகும் இல்லை; அது எனக்குத் தெரியும். இத்தனை வருடம் தனியாளாகக் குடும்பத்தை நடத்தியவளுக்கு, நான் நேரில் இருப்பது பழகவில்லை. எனக்கு அது வருத்தம்தான். வெளியே சொல்ல வெட்கம்.

நேரில்தான் இந்தப் பாடு. கப்பலில் இருந்தபோது போனில் மணிக்கணக்காகப் பேசியவள் அவள். ஒருநாள் சாயங்காலம் கட்டிலில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அடுக்களையில் இருந்தவளுக்குப் போன் போட்டேன்.

"சாப்டியா?" என்றேன், பழைய மாதிரி.

சிரிப்பாள் என்று நினைத்தேன். "சாப்டேன். இன்னிக்கு மீன்காரம்மா என்ன பண்ணினா தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டாள். மீன், மகளின் மாமியார், தண்ணி லாரி என்று பேச்சு எங்கெங்கோ போனது. நடந்துகொண்டே பேசுவது அவள் வழக்கம். போனைக் காதில் இடுக்கியபடி கூடத்துக்கு வந்தாள். கையில் கடம்பூர்ப் போளித் தட்டு. பேச்சு மும்முரத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, காலையும் மேலே தூக்கிக்கொண்டாள். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

அரைமணி நேரம் போனது. ஊர்க்கதை எல்லாம் தீர்ந்ததும், வழக்கமாகக் கடைசியில் கேட்பதைக் கேட்டாள்.

"சரி, எப்ப வாரீங்க?"

கேட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துட்டேன்ட்டி," என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. "இனிமே போவமாட்டீங்கள்லா?" என்று போனிலேயே கேட்டாள்.

மாட்டேன் என்று நானும் போனிலேயே சொன்னேன்.