கையெழுத்திடாத தாளுக்குப் பொறுப்பேற்ற அண்ணன்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இம்மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். "நல்லதை மட்டும் எழுதும்மா, வர்றவங்க மனசு நோவக் கூடாது" என்று அண்ணி கேட்டுக்கொண்டார்கள். அண்ணி என்னை மன்னிக்க வேண்டும். அண்ணனைப் பற்றிய நல்லதை எழுதினாலே வருகிறவர்களில் சிலருக்கு மனம் நோகத்தான் செய்யும்.

அண்ணன் பிறந்தது ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கம். சாமையும் புளியும்தான் எங்கள் வீட்டு வருமானம். பள்ளிக்கூடத்துக்காக மலையை விட்டு இறங்கியவர், சென்னையில் ஓர் ஆடிட்டரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். இருமுறை தேர்வில் தவறி, மூன்றாம் முறை தேறினார். அங்கேயே இருந்திருக்கலாம். ஆலங்காயத்துக்குத் திரும்பி வந்து, ஓர் உரக்கடையின் மாடியில் அறை பிடித்து, சட்டம் அனுமதித்த அளவுக்கு மட்டும் ஒரு சிறிய பெயர்ப்பலகை மாட்டினார். எழுபதுகளின் நடுவில் அது நடந்தது. தட்டச்சு செய்ய நான் போனேன்.

அண்ணனிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. கண்ணால் பார்க்காத சரக்குக்குக் கையெழுத்துப் போட மாட்டார். புளி வியாபாரி வங்கிக் கடனுக்காக இருப்புச் சான்றிதழ் கேட்டால், பேருந்து ஏறி, பாதிவழி நடந்து, கிடங்குக்கே போவார். ஓலைப்பாயில் கட்டிய புளியைக் குத்தூசியால் நடுவரை குத்திப் பார்ப்பார். திரும்பி வரும்போது சட்டையெல்லாம் புளி வாசனை வீசும். இதனால் வாடிக்கையாளர்கள் சிலர் விலகிப் போனதுண்டு. தொழில் பண்ணத் தெரியாத மனிதர் என்று சொந்தக்காரர்களே சிரித்தார்கள்.

தொழில் பண்ணத் தெரிந்த ஒருவர் பிறகு வந்து சேர்ந்தார். எங்கள் தாய்மாமன் மகன், அண்ணியின் தம்பி. அவரும் அதே படிப்பை முடித்திருந்தார். மாமா கேட்டார் என்பதற்காக அண்ணன் அவரைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டார். ஒடுகத்தூர், சந்தவாசல் என்று சுற்றி அவர் ஆள் பிடித்து வந்தார், வாடிக்கை பெருகியது. அண்ணனுக்கு அதில் பெருமைதான், பொய் சொல்ல மாட்டேன்.

அப்போது எங்கள் அலுவலகத்தில் சான்றிதழின் அடியில் நிறுவனத்தின் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்திடும் வழக்கம் இருந்தது. இருவரில் யார் எழுதினாலும் கிறுக்கல் ஒன்றுபோல்தான் இருக்கும். ஒரு புளி வியாபாரிக்கு அப்படி ஒரு சான்றிதழ் போனது. பின்னாளில் வங்கி அதிகாரிகள் போய்ப் பிரித்துப் பார்த்தபோது, பாய்க் கட்டுகளின் மேல்சுற்று மட்டும் புளி, உள்ளே அத்தனையும் வெறும் புளியம்பழ ஓடு. புகார் சென்னையில் ஆடிட்டர் கழகத்துக்குப் போனது. இதற்குப் பொறுப்பான பங்குதாரர் யார் என்று கேட்டு எங்களுக்குக் கடிதம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா பக்கத்தில் ஒன்பது பேர் வீட்டுக்கு வந்தீர்கள். அண்ணி சமைத்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு மாமா பேச்சை எடுத்தார்.

"மாப்ள, நீங்க பெரியவங்க. உங்க பேரு நெலச்ச பேரு. அவனுக்கு இப்பதான் பொண்ணு பேசி முடிச்சிருக்கு. இந்த நேரத்துல அவம் பேரு அடிபட்டா பொண்ணு வூட்டுக்காரங்க இன்னா நெனப்பாங்க?"

"அப்ப அண்ணன் பேரு அடிபட்டா பரவால்லியா மாமா?" என்று கேட்டேன்.

"நீ சும்மா இரும்மா. டைப் அடிக்கறதோட உன் வேல முடிஞ்சிச்சி."

மாமா மகன் அண்ணன் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார். "கிடங்கத் தொறந்து பாக்கல, தப்புதான். வியாபாரி சொன்னத நம்பிட்டேன். தடை போட்டாலும் ஒரு வருஷந்தான் போடுவாங்க. நான் பாத்துக்கறேன். நீங்க திரும்பி வந்தா ஆபீசு உங்க ஆபீசுதான்" என்றார்.

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை, ஒரு பக்கம் கணவர், மறு பக்கம் கூடப்பிறந்தவர். மறுநாள் அலுவலகத்தில் அண்ணன் சொல்லச் சொல்ல நான்தான் அடித்தேன்: "மேற்படி சான்றிதழுக்கு நானே பொறுப்பு." மூன்று படிகள் எடுத்தேன். அந்த வரியை அடித்த விரல்களை இன்றும் எனக்குப் பிடிப்பதில்லை.

விசாரணையில் அண்ணன் வேறெதுவும் பேசவில்லை. அவர் பெயர் ஓராண்டுக்குப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. பெயர்ப்பலகையைத் தானே கழற்றினார்.

ஆடிட்டர் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒருவர் பார்த்துவந்த கணக்கை இன்னொருவர் ஏற்குமுன், "இதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" என்று பழையவருக்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பதிவுத் தபாலில் கடிதங்கள் வரத் தொடங்கின. பங்கைப் பிரித்துக்கொண்டு, வாணியம்பாடியில் தனியாக அலுவலகம் திறந்து, ஒவ்வொரு வாடிக்கையாளருக்காகவும் தனித்தனியே எழுதிக் கேட்டிருந்தார் மாமா மகன். மொத்தம் இருபத்திரண்டு கடிதங்கள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ரசீது போட்டுப் பிடுங்குவதை அப்போதுதான் பார்த்தேன்.

"முறப்படிதானம்மா கேட்டிருக்கான். ஆட்சேபண இல்லன்னு அடி" என்றார் அண்ணன்.

"ஆபீசு உங்க ஆபீசுதான்னு சொன்னாரே, அதுக்கு இன்னாண்ணா முறை?"

"எழுத்துல குடுக்கலயேம்மா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஊரார் விஷயத்தில் எழுத்தில் இல்லாததை நம்பாதவர், சொந்தத்தில் மட்டும் நம்பினார். அது அண்ணனின் குறை. நினைவு மலர் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன்.

ஓராண்டு கழித்துப் பலகையை மறுபடி மாட்டினார். அந்தப் பழைய மாடியறையில் பகலெல்லாம் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். பெரும்பாலும் கீழே உரக்கடைக்கு வந்தவர்கள் வழி தவறி ஏறியிருப்பார்கள். வாணியம்பாடித் தோல் வியாபாரி பாய் ஒருவர் மட்டும் வந்தார். நடுவில் ஓராண்டு கணக்கை வேலூரில் ஒரு வயதான ஆடிட்டரிடம் ஒப்படைத்திருந்தாராம். "உங்க மச்சான் நாலு தபா ஆளனுப்பினாரு சாப். எனக்குச் சரக்க வந்து பாக்கற ஆடிட்டர்தான் வேணும்னுட்டேன்" என்றார். அவரையும் இன்னும் இரண்டு பேரையும் வைத்துத்தான் அண்ணன் கடைசிவரை தொழில் செய்தார்.

சர்க்கரை நோய் முற்றி வேலூரில் மருத்துவமனையில் கிடந்தபோது, "அவன் வந்தானா?" என்று இரண்டு முறை கேட்டார். வரவில்லை. இறந்த அன்று வந்தார். பெரிய ரோஜா மாலை, அதில் அவருடைய நிறுவனத்தின் பெயர் எழுதிய அட்டை. அட்டையை மட்டும் நான் பிய்த்து எடுத்தேன். சிலர் முகம் சுளித்ததைப் பார்த்தேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் மூன்று வாரம் தன் மகனைக் காவல் வைத்த தோல் வியாபாரி பாய்க்கு நன்றி. கடைசி இரண்டு ஆண்டுகள் வாடகையைப் பற்றி வாய் திறக்காத உரக்கடைக்காரருக்கு நன்றி. அண்ணனைக் கடைசியாக மலைக்கு ஏற்றிச்சென்ற வேன்காரர் கூலி வாங்க மறுத்தார், அவருக்கும் நன்றி. அத்தனையும் பொறுத்துக்கொண்ட அண்ணிக்கு எந்த வார்த்தையும் போதாது.

மற்ற உறவினர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, இனி அதைத் தோண்டி என்ன பயன் என்பீர்கள். அந்தச் சான்றிதழின் நகல் என்னிடம் இருக்கிறது. அதிலுள்ள தேதி எங்கள் அம்மாவின் கருமாதி நாள். அலுவலகத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்று மாமா மகன் ஒருவர்தான் சொந்த அத்தையின் காரியத்துக்கு வராமல் கீழேயே தங்கினார். நீங்கள் எல்லோரும் மலைக்கு வந்திருந்தீர்கள். மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக அண்ணன் பரிமாறினார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். உங்களில் ஒருவராவது சென்னைக்கு ஒரு கடிதம் எழுதி, அன்றைக்கு அவர் எங்களோடு மலையில் இருந்தார் என்று சொல்லியிருக்கலாம்.