நவஹோக் கதைக்காரரும் என் மகனின் பெயரும்

அந்த எழுத்தாளரை நான் ஒருநாளும் கண்டதில்லை. அவர் எழுதியதில் ஒரு வரிகூட வாசித்ததில்லை. ஆனாலும் நான் வயிறெரிந்து திட்டிய ஒரே எழுத்தாளர் அவர்தான்.

அமெரிக்காவில் நவஹோ என்று ஒரு பழங்குடிச் சனம். அவர்களுடைய வறண்ட நிலத்தில் நடக்கும் கொலைகளை அவர்களுடைய பொலிஸ்காரரே கண்டுபிடிப்பதாக அந்த வெள்ளைக்காரர் நாவல் நாவலாக எழுதியிருக்கிறார். என் கணவர் பாரிஸில், லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினார். பக்கத்து ஸ்டாலின்கிராட் மெத்ரோ வாசலில் பழைய புத்தகம் விற்பவனிடம் அந்த நாவல்களைப் பிரெஞ்சில் வாங்கி, மெத்ரோவில் வாசித்துவிட்டு, நான் வெங்காயம் உரிக்கும்போது கதை சொல்லுவார்.

நன்றாகத்தான் சொல்லுவார், அதை மறைக்கக் கூடாது. "கொலைகாரன் ஆரெண்டதை முதல் சொல்லுங்கோ" என்று கத்துவேன். "பொறப்பா, சொல்லுறன்" என்று சிரிப்பார்.

2009 தொடக்கத்தில் ஒருநாள் முகம் தொங்கிப்போய் வந்தார்.

"அந்த மனுசன் செத்துப்போச்சாம்."

"எந்த மனுசன்?"

"கதை எழுதின மனுசன்தான். இனிப் பேர் சொல்லக்கூடாது. நவஹோ ஆக்கள் செத்தாக்களின்ரை பேரைச் சொல்லமாட்டினம். சொன்னா ஆவி திரும்பி வந்திடுமாம்."

"உங்களுக்கு விசர்" என்றேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெயர் அவர் வாயில் வரவேயில்லை.

அப்போது எங்கள் மகன் வன்னியில் சண்டைக்குள் என் தம்பியோடு அகப்பட்டிருந்தான். எங்களுக்கு விசா சரிவந்ததும் அவனைக் கூப்பிடுவதாக இருந்தோம். வைகாசியில் சண்டை முடிந்தது. இரண்டு பேரைப் பற்றியும் ஒரு தகவலும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் லா சப்பல் பிள்ளையார் கோயிலுக்குப் போய், மகனின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி, உயிரோடு தா என்று அர்ச்சனை செய்வித்தேன். கணவர் பக்கத்தில் கைகூப்பி நின்றார்.

நாங்கள் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மகன் பிறந்த நாளிலிருந்து அவன் பெயரைச் சொல்லி, அவன்ரை அப்பா என்றுதான் இவரைக் கூப்பிட்டேன். குளிர் தொடங்கிய நேரம் ஒருநாள் அப்படிச் சாப்பிடக் கூப்பிட்டபோது, "இனி அப்பிடிக் கூப்பிடாதையப்பா. இஞ்சேருங்கோ எண்டு கூப்பிடு, காணும்" என்றார். பிள்ளையை நினைத்து மனம் நோகிறதாக்கும் என்று மாற்றிக்கொண்டேன். எனக்கு அறிவு எங்கே போனது!

பிறகொரு வெள்ளிக்கிழமை எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஐயர் கேட்டபோது இவரைச் சொல்லும்படி கையைக் காட்டினேன்.

"உத்தரட்டாதி" என்றார்.

"பேர்?" என்றார் ஐயர்.

இவர் நிலத்தைப் பார்த்தார். பின்னால் நின்ற சனம் முணுமுணுத்தது. ஐயர் திரும்பவும் கேட்டார். இவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். செத்தவர்களின் பெயரைச் சொல்லக்கூடாது என்று இவர் சொன்ன அந்த நவஹோக் கதை எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஆர் சொன்னது?" என்றேன், இல்லாத குரலில்.

"உன்ரை தம்பி. ஆவணியிலை முகாமிலையிருந்து ரெலிபோன் எடுத்தவன். தன்ரை கையாலைதான் குழி வெட்டிப் பிள்ளையைத் தாட்டவனாம். நீ தாங்கமாட்டாய் எண்டு நான்தான்..."

அர்ச்சனைத் தட்டை அவர் நெஞ்சில் எறிந்தேன். தேங்காய் உருண்டு ஓடியது. பாவி! செத்த பிள்ளைக்கு ஆயுள் கேட்க என்னை விட்டுவிட்டு, வாராவாரம் பக்கத்தில் கைகூப்பி நின்றிருக்கிறார். எட்டாம் நாள் சடங்கு இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை, என் பிள்ளைக்கு ஒரு பிடி சோறு படைக்கவில்லை. என் தம்பி உயிரோடு இருப்பதைக்கூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த நாவல்கள் அத்தனையையும் குப்பைத்தொட்டியில் போட்டேன். அவர் தடுக்கவில்லை. பிறகு சோறு போட்டுவைத்து, பழையபடி மகனின் பெயரைச் சொல்லி, அவன்ரை அப்பா, சாப்பிட வாங்கோ என்று கூப்பிட்டேன். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

வருசங்கள் போய்விட்டன. தேத்தண்ணிக்கும் மருந்துக்கும் இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். மெதுவாக அல்ல, பக்கத்து வீட்டுக்குக் கேட்கத்தக்கதாக. ஒருநாள் அழுதே விட்டார்.

"இரக்கமில்லையோ உனக்கு? அந்தப் பேரைச் சொல்லாதையப்பா. வந்திடுவான்."

"வரட்டும்" என்றேன். "அதுக்குத்தானே கூப்பிடுறன்."