வெள்ளைப் பக்கம் மேலே

அரசாங்கம் சனத்துக்குச் சொல்ல நினைப்பதையெல்லாம் பசை தடவிச் சுவரில் சொல்லுவதுதான் என் தொழில்.

தீவகத்தில் ஒரு சுகாதார அலுவலகத்தில் வேலை. டெங்கு, விசர்நாய்க்கடி, தடுப்பூசி, கொதித்தாறிய தண்ணீர் என்று எந்தப் போஸ்டர் வந்தாலும் வாளியும் தூரிகையுமாக நான்தான் புறப்பட வேண்டும். படலையில் நின்று துண்டுப்பிரசுரத்தை நீட்டி, "எங்களுக்கு ஒண்டும் வேண்டாம் தங்கச்சி" என்ற பதிலை வாங்கியவர்கள் உங்களில் இருந்தால் கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள். நாம் ஒரே சாதிச் சனம்.

மண்கும்பான் வாசகர்

கோதுமை மாவைக் காய்ச்சித்தான் பசை செய்வேன். கடைப் பசை உப்புக்காற்றுக்கு நிற்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மண்கும்பான் பஸ் தரிப்பிடச் சுவரில் வரிசையாக டெங்குப் போஸ்டர் ஒட்டிவிட்டு, தெருவின் மற்றத் தொங்கல் வரைக்கும் போய்த் திரும்பினேன். பெரிய நுளம்பு ஒன்றின் படம் அதில் இருந்தது. திரும்பி வரும்போது நுளம்பின் பாதி உடம்பைக் காணவில்லை. ஒரு வெள்ளாடு முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றி நின்று மிச்சத்தை உரித்துக்கொண்டிருந்தது.

ஆட்டுக்காரர் எதிரே பூவரசு நிழலில் சாவகாசமாக இருந்தார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "ஐயா, பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள், கலைச்சிருக்கலாமே" என்றேன். அவர் வெற்றிலையை ஒருபக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "கலைப்பம் எண்டுதான் எழும்பினனான் தங்கச்சி. அது நுளம்பைத்தான் முதல் தின்னத் தொடங்கினது. அரசாங்க வேலைக்கு நான் ஏன் குறுக்கை நிப்பான் எண்டு இருந்திட்டன்."

பின்பக்கம்

அன்றிலிருந்து பசைக்குள் வேப்பிலை அவித்த தண்ணீர் ஊற்றுகிறேன். ஆடு அடங்கிவிட்டது. மனிதரை அடக்க வேப்பிலை போதாது.

வேலணையில் வீடு வீடாகப் போஸ்டர் கொடுக்கும்போது, கையில் வாங்கிய பெண்கள் முதலில் செய்வது அதைத் திருப்பிப் பார்ப்பதுதான். "பின்பக்கம் வெள்ளையோ?" என்று கேட்பார்கள். வெள்ளை என்றால் முகம் மலரும், இன்னும் ஒன்று கேட்பார்கள். அலுமாரித் தட்டுகளுக்கு விரிக்க அதைவிட நல்ல தாள் கிடையாது. மை கோப்பையில் ஒட்டக்கூடாது என்பதற்காகப் படம் கீழேயும் வெள்ளைப் பக்கம் மேலேயுமாக விரிப்பார்கள். பழையதை எடுப்பதும் இல்லை. பலகைக்கு ஈரம் ஏறாது என்று அதன் மேலேயே புதியதைப் போடுவார்கள்.

ஒருமுறை எங்கள் அலுவலகம் சிக்கனம் பார்த்து இரண்டு பக்கமும் அச்சடித்து அனுப்பியது. பரமேஸ் அக்கா வேலணையில் என் பழைய வாடிக்கை. பெரிய வீடு, அதைவிடப் பெரிய அலுமாரி. முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுப் போஸ்டரை என்னிடமே நீட்டினா. "ரெண்டு பக்கமும் அடிச்சால் நாங்கள் எதைத் தங்கச்சி விரிக்கிறது? படிச்ச ஆக்கள் உதையும் கொஞ்சம் யோசிக்கவேணும்."

ஐயாவின் ஆசை

போன வருடம் எங்கள் அலுவலகத்துப் பெரிய ஐயாவுக்கு ஒரு யோசனை வந்தது. அந்தக் காலத்தில் அரசாங்கம் வெளியிட்ட சுகாதாரப் போஸ்டர்களைத் தேடிச் சேர்த்துக் கண்காட்சி வைக்கவேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் வெளியிட்ட அரசாங்கத்தின் அலுமாரியில் ஒன்றுகூட இல்லை. உடனே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒட்டுகிறவளிடம் இல்லாமல் எங்கே இருக்கும்? நான் பிறக்கமுதல் ஒட்டியவற்றுக்கும் நான்தான் பொறுப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஐயாவின் மனம் முழுவதும் ஒரு போஸ்டரில்தான். ஒரு தாய் மடியில் குழந்தையை வைத்திருக்கிறாள், தாதி ஊசி போடுகிறாள், குழந்தை வாயைப் பிளந்து அழுகிறது. சின்ன வயதில் தன் பள்ளிக்கூடச் சுவரில் பார்த்ததாம். எழுவைதீவில் ஒரு வீட்டில் அது இருப்பதாக யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டு, "அந்த ஒண்டு இல்லாமல் கண்காட்சி வைக்க ஏலாது. உரிச்சாவது கொண்டுவாரும்" என்றார்.

எழுவைதீவு

ஊர்காவற்றுறையில் படகு ஏறிப் போனேன். ஐயாவுக்குச் சொன்ன அந்த வீடு றெஜினா அக்காவினது, கரையோடு இருந்தது. புருசன் கடலுக்குப் போயிருந்தார். முன்னறையில், யன்னலுக்கு நேர் எதிரே, ஒரு பலகையில் ஒட்டியபடி அந்தப் போஸ்டர் நின்றது. நீலம் பாரித்துப் போயிருந்தது. தாயின் முகம் நீலம், சீலை நீலம், குழந்தையும் நீலம். அடியில் இருந்த எழுத்தைக் கறையான் தின்றுவிட்டது. நான் வந்த விசயத்தைச் சொன்னேன்.

அக்கா படத்திலிருந்த குழந்தையைத் தொட்டுக் காட்டினா. "இது நான்." விரல் மேலே போனது. "இது அம்மா." ஊசி போட வந்தவர்களோடு வந்த ஒருவர் படம் எடுத்தாராம். அது போஸ்டராகி எழுவைதீவு ஆசுப்பத்திரிக்கு வந்து சேர்ந்து சில மாதங்களில் தாய் காய்ச்சலில் போய்விட்டா. அக்காவுக்கு முகம் ஞாபகமில்லை. வீட்டில் இருந்த படங்கள் சண்டைக்கால இடம்பெயர்வோடு போயின. திரும்பி வந்தபோது ஆசுப்பத்திரிச் சுவரில் இது மட்டும் இருந்தது. அங்கே வெள்ளையடிக்க வந்தவர்களை மறித்து, தண்ணீர் தெளித்து உரித்து எடுத்து வந்திருக்கிறா. ஒவ்வொரு வருடமும் தாயின் நினைவுப் பூசைக்கு நீலச் சீலைதான் கட்டுவாவாம். தாய் கட்டியது நீலம் அல்லவா.

கேட்க வந்ததை இரண்டாம் தரம் கேட்க வாய் வரவில்லை. அக்காவே சொன்னா: "அரசாங்கப் பேப்பர்தான் தங்கச்சி, அதை நான் மறுக்கேல்லை. ஆனால் அம்மா அரசாங்கத்தின்ரை இல்லையே."

அடித்தட்டு

வெறுங்கையோடு திரும்பிய என்னை ஐயா ஏசவில்லை. அமைதியாக, "அப்ப திங்கக்கிழமை நானே படகேறிப் போய்க் கேக்கிறன்" என்றார். அது இன்னும் பயமாக இருந்தது. பெரிய அதிகாரி வாசலில் வந்து நின்றால் அந்த அக்கா மறுக்க மாட்டா. கழற்றிக் கொடுத்துவிட்டு அழுவா. எனக்கு நித்திரை வரவில்லை.

அரசாங்கம் எதையும் ஒன்றே ஒன்று அச்சடிப்பதில்லை. மற்றவையெல்லாம் எங்கே? சுவரில் ஒட்டியதை வெயிலும் மழையும் ஆடும் பார்த்திருக்கும். ஒட்டாதவை? அப்போதுதான் பரமேஸ் அக்கா போஸ்டரைத் திருப்பிப் பார்த்தது கண்ணுக்குள் வந்தது.

சனி, ஞாயிறு முழுக்க வேலணையில் அலுமாரி அலுமாரியாகத் திறந்தேன். எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று ஊரில் கதைத்தார்கள். எத்தனையோ வீடுகளில் அலுமாரியே போன சனம்தான். கடைசியாகப் பரமேஸ் அக்கா வீடு. இடம்பெயர்ந்தபோது கட்டிலும் கதிரையும் போனாலும், யாராலும் தூக்க ஏலாததால் அந்தத் தேக்கு அலுமாரி மட்டும் அறைக்குள்ளேயே நின்றதாம். அக்கா முணுமுணுத்துக்கொண்டே கோப்பைகளை இறக்கித் தந்தா. மேலே நான் கொடுத்த டெங்கு. அதற்குக் கீழே விசர்நாய். அதற்கும் கீழே வயிற்றோட்டம். கடைசியில் பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்த பழுப்புத் தாள் ஒன்றை நகத்தால் மெல்லக் கிளப்பித் திருப்பினேன்.

அந்தத் தாய் இருந்தாள். வெயில் படாத முகம், மாநிறம். கட்டியிருந்தது நல்ல செக்கச்சிவந்த சீலை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் போஸ்டரில் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் போகும், நீலம் மட்டும் மிஞ்சும். நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். பரமேஸ் அக்கா எல்லாக் கதையையும் கேட்டா, கண்ணையும் துடைத்தா. பிறகு சொன்னா: "கொண்டுபோய்க் குடும். அழுகிறதெண்டால் பிறகு அழலாம் தங்கச்சி, முதல் உந்தத் தட்டுக்கு வெள்ளைப் பக்கம் மேலை பாக்க ஒண்டை விரிச்சுத் தாரும். கோப்பையெல்லாம் நிலத்திலை கிடக்கு."

சிவப்பு

திங்கட்கிழமை ஐயாவோடு நானும் படகில் போனேன். போகும் வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கடலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தார். றெஜினா அக்கா நான் கொடுத்த சுருளை விரித்ததும் சுவரிலிருந்த நீலத்தைப் பார்த்தா, கையிலிருந்ததைப் பார்த்தா, திரும்பவும் சுவரைப் பார்த்தா. கறையான் தின்றுபோன அடி வரியை எழுத்துக்கூட்டி வாசித்தா: "சின்ன வலி, பெரிய காவல்." பிறகு சீலையை விரலால் தடவியபடியே இருந்தா. நாங்கள் இருவரும் வாசலுக்கு வந்து நின்றோம்.

நீலத்தை யாரும் கேட்கவில்லை. சிவப்பைக் கண்காட்சி முடியும்வரைக்கும் இரவல் தர அக்காவே சம்மதித்தா. பிறகு அது அவவுக்குத்தான் என்று ஐயா வாக்குக் கொடுத்தார். திறப்பு நாளன்று புதுச் சிவப்புச் சீலை கட்டிக்கொண்டு வந்து, போஸ்டருக்குப் பக்கத்தில் நின்றா. கொழும்பிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் எங்கள் ஐயாவிடம், இந்தப் பழைய சுவரொட்டிகள் சனத்துக்கு உண்மையில் ஏதாவது செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தனவா என்று விசாரித்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் நின்ற றெஜினா அக்காவிடமே கேட்டார்: "இது உங்களுக்கு என்ன சொல்லுது அம்மா?" அக்கா கொஞ்சமும் தடுமாறவில்லை. "எங்கடை அம்மா சிவப்புச் சீலை கட்டினவா எண்டு சொல்லுது சேர்."

அன்றிலிருந்து எதை அச்சடித்தாலும் பின்பக்கத்தை வெள்ளையாக விடச்சொல்லி அலுவலகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் அரசாங்கம் முன்பக்கத்தில் சொல்லுவதைப் பின்பக்கத்தால் காப்பாற்றி வைத்திருப்பது எங்கள் தீவுச் சனம்தான்.