கம்பி கேட்டவளுக்கு ஆடு

மாங்குளத்துக்குக் கிழக்கே காட்டை ஒட்டிய அந்தச் சின்ன ஊரில், மாதர் சங்கத்துக்கென்று ஒரு கச்சான் தோட்டம், நிலக்கடலைத் தோட்டம், இருந்தது. பற்றையை வெட்டி, வேரைக் கிண்டி, பெண்களே திருத்திய நிலம். தலைவி பத்மாசனி. தொண்ணூற்றைந்தில் வலிகாமத்திலிருந்து ஒரு சூட்கேசோடு இடம்பெயர்ந்து வந்தவள், செம்மண் காலில் ஒட்டியபின் திரும்பிப் போகவில்லை.

சங்கத்துக்கு வெளியில் இருந்து யாரும் ஒரு சதம் கொடுத்ததில்லை. விதைக் கச்சான் கோதோடு ஒரு பெரிய பீப்பாவில் இருக்கும். ஒரு கொத்து எடுத்தவள் அறுவடை முடிய ஒன்றரைக் கொத்துப் போடவேண்டும். பக்கத்து ஊர்ப் பெண்களும் அப்படித்தான் வாங்கிப்போனார்கள். அடுப்பு எரியாத நாளிலும் அந்தப் பீப்பாவில் யாரும் கை வைத்ததில்லை. சண்டை நின்று, பாதை திறந்து பஸ்கள் ஓடத் தொடங்கியதும், வறுத்த கச்சானைச் சுருளில் போட்டு மாங்குளம் சந்தியில் விற்றார்கள். குறை ஒன்றே ஒன்றுதான்: வேலி. கட்டாக்காலி மாடும் காட்டுப் பன்றியும் வராமல் பெண்கள் முறைவைத்துத் தகரம் தட்டி விடிய விடியக் காவல் இருந்தார்கள்.

அப்போதுதான் வெள்ளை வாகனத்தில் ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. ஜெயந்தன் என்ற உத்தியோகத்தர், படித்த பிள்ளை, நல்ல சிரிப்பு. மரநிழலில் பெண்களை இருத்தி, சாம்பலால் நிலத்தில் ஊரின் படத்தைக் கீறச் சொன்னான்.

"உங்களுக்கு என்ன தேவையெண்டு நீங்களே சொல்லவேணும் அக்கா. நாங்கள் முடிவெடுக்க மாட்டம்."

வாக்குப்போட ஏதாவது வேண்டுமென்றான். பத்மாசனி பீப்பாவிலிருந்து ஒரு சுளகு விதைக் கச்சானைக் கொண்டுவந்தாள். கோழி, தையல் மெசின், ஆடு, கம்பிவேலி என்று நான்கு வட்டம். பெண்கள் கச்சானைக் கொண்டுபோய்க் கம்பி வட்டத்தில் குவித்தார்கள். மற்ற மூன்றும் வெறுமை.

குவியலைப் படம் எடுத்தார்கள். பிறகு பிளேன்ரீ வந்தது. கதைத்தபடியே ஜெயந்தனும் கூட வந்தவர்களும் அந்தக் குவியலில் கை வைத்து, ஒவ்வொன்றாக உடைத்து வாயில் போட்டார்கள். போகும்போது கோது மட்டும் வட்டத்தில் கிடந்தது.

"எங்கட வாக்கை உரிச்சுத் திண்டிட்டுப் போகினம்," என்றாள் நாகேஸ்வரி. பத்மாசனியின் வலது கை மாதிரி அவள். எல்லோரும் சிரித்தார்கள். பத்மாசனி சிரிக்கவில்லை. விதையைச் சுளகில் கொண்டுவந்தது அவளுடைய கை அல்லவா?

மாரி மழையோடு விதைத்து, பயிர் ஒரு சாண் வளர்ந்திருந்தபோது வாகனம் திரும்ப வந்தது. பின்னால் ஒரு லொறி. லொறி நிறைய ஆடு. ஒவ்வொன்றின் காதிலும் இலக்கம் போட்ட மஞ்சள் தகடு.

"தம்பி, நாங்கள் கம்பியெல்லோ கேட்டனாங்கள்?" என்றாள் பத்மாசனி.

"கம்பிக்கு இந்தமுறை திட்டம் இல்லை அக்கா. கால்நடைக்குத்தான் வந்திருக்கு."

"வேலி இல்லாத ஊருக்கு ஆடா? உதுகளை நாங்கள் எங்க கட்டுறது, தலையிலயோ?"

"வேண்டாமெண்டால் வேற ஊருக்குப் போயிடும். பிறகு உங்கட சங்கத்துக்கு ஒண்டும் வராது. ஒரு குட்டியைத் தூக்குங்கோ, படம் எடுக்கவேணும்."

மற்றப் பெண்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பத்மாசனி குட்டியைத் தூக்கினாள். ஒரு வருடத்துக்கு விற்பதில்லை என்று கையெழுத்தும் போட்டாள்.

அந்தக் கிழமையே ஒரு பெருமழை இரவில் ஆடுகள் கயிற்றை அறுத்தன. விடிந்தபோது தோட்டத்தில் ஒரு தளிர் இல்லை. பீப்பாவும் காலி, இருந்த விதை முழுக்க மண்ணுக்குள் போயிருந்தது. பத்மாசனி வரம்பில் ஏறி முழுத் தோட்டத்தையும் பார்த்தாள். பிறகு சேலையை வரிந்து கட்டினாள்.

"நாகேஸ், ஆடெல்லாத்தையும் ஒண்டாப் பிடி. மாங்குளம் போவம்."

ஏ ஒன்பது வீதியில் பஸ்களை மறித்தபடி ஆடுகள் போயின. நிறுவனத்தின் வாசலில், அதன் பெரிய பெயர்ப்பலகைக் காலில் அவற்றைக் கட்டினாள். ஜெயந்தன் ஓடிவந்தான்.

"அக்கா, திருப்பி எடுக்க எங்களிட்ட வழியில்லை. அறிக்கை போயிட்டுது."

"அறிக்கையில என்ன எழுதினனீங்கள்?"

"ஆடு கிடைச்சதில மக்கள் சந்தோசம் எண்டு."

"அப்ப அந்தச் சந்தோசத்தை நீரே மேயும்," என்றாள். பிறகு சந்தியைப் பார்த்துத் திரும்பினாள். வவுனியாவிலிருந்து லொறியோடு வந்து ஆடு வாங்கும் கலந்தர் அங்கே நின்றார்.

"நானா, ஆடு வேணுமே?"

கலந்தர் ஒரு காதைப் பிடித்துப் பார்த்தார். "என்ன தங்கச்சி, தோடெல்லாம் போட்டு வெச்சிருக்கீங்க. சீதனமா வந்ததா?"

"ஓம் நானா. கேக்காத சீதனம்."

ஜெயந்தன் கையெழுத்தை நினைவூட்டி நினைவூட்டிக் கத்தினான். அவன் கண்முன்னே எல்லா ஆட்டையும் விற்று, அந்தக் காசில் முள்ளுக்கம்பி வாங்கி, உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். விதைக்குக் காசு மிஞ்சவில்லை. ஆனால் விசயம் கேள்விப்பட்டு, முன்பு விதை வாங்கிய பக்கத்து ஊர்ப் பெண்கள் பையும் கடகமுமாக வந்து பீப்பாவில் கொட்டினார்கள். சொல்லை மீறிய சங்கம் என்று நிறுவனம் அந்த ஊரை ஒதுக்கிவைத்தது. ஒதுக்கப்பட்ட அந்த வருடங்களில்தான் பெண்கள் இரவில் நித்திரை கொண்டார்கள்.

யுத்தம் திரும்ப வந்தபோது பத்மாசனி கம்பியை விட்டுவிட்டு விதைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மாத்தளன் கடற்கரை மணலில், பதுங்குகுழி வாசலில், செல் குண்டு விழுந்தபோதும் அந்தப் பை அவள் தலைமாட்டில் இருந்தது. பத்மாசனியை அந்த மணலிலேயே மூடிவிட்டு ஓடிய நாகேஸ்வரிக்கு அழக்கூட நேரம் கிடைக்கவில்லை.

அதே வருடம் நாகேஸ்வரி இருந்த வவுனியா முகாமில், நிவாரணம் கொடுக்க வந்தவர்கள் ஒரு வழவழப்பான புத்தகத்தையும் விட்டுப்போனார்கள். அதில் முழுப்பக்கத்துக்குப் பத்மாசனி, கையில் ஆட்டுக்குட்டியோடு. "எமது உதவியால் சொந்தக்காலில் நிற்கும் பெண்" என்று கீழே எழுதியிருந்தது. அவள் தோட்டத்தையும் கம்பியையும் பீப்பாவையும் யாரும் படம் எடுக்கவில்லை. வீட்டில் இருந்த படங்கள் வீட்டோடு போய்விட்டன. உலகத்தில் பத்மாசனிக்கு மிஞ்சிய படம் இது ஒன்றுதான்.

நாகேஸ்வரி பக்கத்துக் கூடாரத்தில் கத்தரிக்கோல் இரவல் வாங்கினாள். முதலில் அந்த வசனத்தை வெட்டி எறிந்தாள். பிறகு நிறுவனத்தின் சின்னத்தை. பிறகு, கத்தரிக்கோலை மெல்லத் திருப்பித் திருப்பி, ஆட்டை. எவ்வளவு கவனமாக வெட்டியும் ஒரு காது மட்டும் வரவில்லை. அதை வெட்டினால் பத்மாசனியின் முகத்தில் நாடியும் போய்விடும்.

கூடாரக் கம்பில் குத்தியிருந்த அந்தப் படத்தில், வெறுமையை அணைத்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு பத்மாசனி நின்றாள். நாடிக்குக் கீழே அந்த மஞ்சள் தகடு.