ரோசுக்குப் பின்னால் பதினாலு பேர்

முதலே சொல்லிவிடுகிறேன், இது நயாகரா போன கதை இல்லை. மல்வேர்னில் பஸ் ஏறி, இதே ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு பூங்காவுக்குப் போய், பின்னேரம் வீடு திரும்பிய ஒரு நாள் பயணம். இந்த யூன் மாதம், ஒரு சனிக்கிழமை. இந்தப் பக்கத்தில் எத்தனையோ ஊர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். திரும்பி வரும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தது இந்த ஒரு பயணத்தில்தான்.

காரணம் மார்லின். நானும் அவளும் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம். கட்டிலில் இருந்து ஒருவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்; அந்த இரண்டாவது ஆள் எனக்கு எப்போதும் அவள்தான். மார்லின் இந்த நாட்டின் பூர்வகுடி. வடக்கே, பதினைந்து மணித்தியாலம் கார் ஓட வேண்டிய ஊர். ஐந்து வயதில் அரசாங்கத்து ஆட்கள் அவளைத் தாயிடமிருந்து பிரித்து யாரோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் பூர்வகுடிப் பிள்ளைகளை விடுதிப் பள்ளிக்கூடங்களுக்குப் பிடித்துக்கொண்டு போனதை நானும் செய்தியில் பார்த்து உச்சுக் கொட்டியிருக்கிறேன். அதெல்லாம் முடிந்த கதை என்றுதான் நினைத்திருந்தேன். எங்கே முடிந்தது? மார்லினின் தங்கச்சி நோயில் விழுந்ததும், தங்கச்சியின் மகள் ரோசையும் அதே மாதிரித் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு வருடம் வழக்காடித்தான் மார்லின் அந்தப் பிள்ளையை இந்த வசந்தத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதுவும் தற்காலிகமாக. கடைசி விசாரணை இனித்தான்.

அவள் இதைச் சொன்ன அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தாயின் அக்கா எங்களுக்குப் பெரியம்மா. பெரியம்மா என்றால் அம்மாதானே? அவளிடம் போய் "பிள்ளையை வளர்க்க உனக்குக் குடும்பம் இருக்கிறதா, ஆட்கள் இருக்கிறார்களா" என்று கேட்கிறார்களாம். இருந்த ஆட்களைப் பிரித்தது யார் என்று திருப்பிக் கேட்க வேண்டாமா?

சரி, பயணத்துக்கு வருகிறேன். பவ்வவ் என்பது பூர்வகுடி மக்கள் கூடி, பறை அடித்து, பாடி, வட்டமாக ஆடுகிற பெருவிழா. ரோசுக்குப் பத்து வயது. அந்த வட்டத்துக்குள் அவள் முதன்முதலாக இறங்கி ஆடப் போகிறாள். மார்லின் என்னைக் கூப்பிட்டாள். "ராணி, நீ கட்டாயம் வா." அவ்வளவுதான் சொன்னாள். அவள் பேசுவது ஆங்கிலம். என் காதில் விழுந்தபடி தமிழில் எழுதுகிறேன்.

நான் என்ன செய்தேன்? வோபர்னில் இருக்கிற என் தங்கச்சி வசந்திக்குப் போன் எடுத்து, "எடியேய், மார்லின்ர பிள்ளைக்கு அரங்கேற்றம்" என்றேன். அரங்கேற்றம் என்ற சொல்லைக் கேட்ட பிறகு எங்கள் ஆட்களை வீட்டில் இருத்த முடியுமா? வசந்தி தன் குடும்பத்தோடு, மச்சாள் குடும்பத்தோடு, பக்கத்து வீட்டு அன்ரி அங்கிளோடு வந்து நின்றாள். என் கணவரையும் பிள்ளைகளையும் சேர்த்துப் பதினாலு பேர். பெண்களெல்லாம் பட்டுச் சேலை. இரண்டு தட்டு மீன் ரோல்ஸ் வேறு. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"எடியே, அவள் என்னை மட்டுந்தான் கூப்பிட்டவள்."

"உமக்குச் சொன்னா எங்களுக்குச் சொன்ன மாதிரித்தானே அக்கா. இப்ப என்ன, திரும்பிப் போகச் சொல்லுறீரோ?"

சொல்லவா முடியும்?

காலை ஒன்பது மணிக்கு நீல்சன் வீதியில் பஸ் ஏறினோம். ஸ்காபரோ சென்ரரில் இறங்கி, எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் கெனடி ஸ்டேஷன், அங்கிருந்து மேற்கே சப்வே, பிறகு பத்து நிமிட நடை. பிரஸ்ரோ பயண அட்டையை ஒருமுறை தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்குச் செல்லும். நடுவில் கடைகண்ணிக்குள் நுழையாவிட்டால் ஒரே கட்டணத்தில் போய்விடலாம். முதல் பஸ்ஸின் ட்ரைவர் எங்கள் பெடியன். கண்ணாடிக்குள்ளால் பார்த்துச் சிரித்தார்.

"என்ன அன்ரி, கலியாண வீடோ?"

"இல்லைத் தம்பி, அரங்கேற்றம்."

"ஆற்ற?"

"எங்கட பிள்ளையின்ர."

யோசிக்காமல்தான் சொன்னேன். பக்கத்தில் இருந்த கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். பார்க்கட்டுமே.

பதினொரு மணிக்கு முன் பூங்காவுக்குப் போய்விட்டோம். நுழைய ஒரு சதமும் இல்லை. சோளச் சூப், பொரித்த ரொட்டி, மணி வேலை, தோல் வேலை என்று சுற்றிவரக் கடைகள். நடுவில் பெரிய புல்வட்டம். நடன உடுப்புப் போட்டவர்கள் எங்களைக் கடந்து போனார்கள். இறகும் மணியுமாக அப்படி ஒரு வடிவு. வசந்தி ஒரு பெண்ணின் மணி வேலையைத் தொடக் கையை நீட்டினாள், நான் அந்தக் கையில் ஒன்று போட்டேன். அது வேஷம் இல்லை, கோயில் உடுப்பு மாதிரி. தொடக்கூடாது, கேட்காமல் படம் எடுக்கக்கூடாது.

மார்லினைத் தேடிப் பிடித்தால், அவள் முகம் செத்துப்போய்க் கிடக்கிறது. கூடாரத்துக்குப் பின்னால் கதிரையில் ரோஸ். நீல உடுப்பு முழுவதும் சின்னச் சின்னத் தகரக் குழல்கள், அசைந்தால் மழைச் சத்தம் கேட்கும். எல்லாம் மார்லின் இரவிரவாகத் தைத்தது. ஆனால் பிள்ளை இடுப்புப் பட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

நடந்தது இதுதான். புதிதாக ஆடுகிற பிள்ளை வட்டத்துக்குள் வரும்போது, முதல் சுற்றில் அவளுடைய ஆட்கள் எல்லோரும் பின்னால் நடக்க வேண்டும். அது அவர்கள் முறை. இந்தப் பிள்ளை எங்களுடையது என்று ஊரறியச் சொல்வது. மார்லினின் சொந்தக்காரர் இருபது பேர் வடக்கிலிருந்து வருவதாக இருந்தது. அங்கே காட்டுத் தீ வந்து ஊரையே வெளியேற்றிவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் ஒருவரும் வர முடியாது. முந்தின நாள் இரவுதான் செய்தி வந்ததாம். ரோசின் அம்மா இன்னும் ஆஸ்பத்திரியில்.

"இண்டைக்கு இன்னொரு பிள்ளையும் முதல் தரம் ஆடுறாள். அவளுக்குப் பின்னால முப்பது பேர். ரோஸ் அவையை எண்ணிப் பார்த்திட்டாள்," என்றாள் மார்லின். "எனக்குப் பின்னால நீ ஒராள் மட்டுந்தானே, நான் வரேல்லை எண்டு சொல்லுறாள். நான் என்ன செய்ய ராணி?"

மன்னிப்புக் கேட்கிற மாதிரித்தான் தொடங்கினேன். "மார்லின், கோவிக்காதை. நீ ஒராளைத்தான் கூப்பிட்டனி. எங்கட ஆக்கள் இப்படித்தான்…" என்று பின்னால் கையைக் காட்டினேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். மரத்தடியில் பட்டும் சரிகையுமாக ஒரு பட்டாளம், கையில் ரோல்ஸ் தட்டு, மச்சாள் ஆருக்கோ சேலை மடிப்பை நீவிவிடுகிறாள். மார்லின் அப்படியே புல்லில் குந்தி இருந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான்.

"நீங்கள் நடப்பீங்களா?" என்று கேட்டாள்.

"எங்களை விடுவினமோ?" இது என் கணவர். அவருக்கு எதற்கும் அனுமதி வேண்டும்.

மார்லின் போய், விழாவை நடத்துகிற பெரியவரிடம் கேட்டாள். அவர் வந்து எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "குடும்பம் ஆர் எண்டு சொல்லுறது குடும்பத்தின்ர உரிமை," என்றார். "அதைச் சொல்ல நான் ஆர்?"

நான் ரோசுக்கு முன்னால் போய்க் குனிந்தேன். "பிள்ளை, நான் ராணி அன்ரி. உன்ர பெரியம்மாவோட வேலை செய்யிறன். உவை எல்லாரும் என்ர ஆக்கள். உனக்குப் பின்னால நடக்க வந்தவை." அவள் என் தோளுக்கு மேலால் பார்த்து உதட்டுக்குள் எண்ணினாள். பிறகு பட்டியை எடுத்துப் பெரியம்மாவிடம் நீட்டினாள்.

மார்லின் சின்னத் துணிப் பொட்டலத்தில் புகையிலை கொண்டுபோய்ப் பறைக்காரரிடம் கொடுத்துப் பாட்டுக் கேட்டாள். நாங்கள் வெற்றிலை வைத்து அழைப்பதுபோல, இவர்களுக்கு அதுதான் மரியாதை. வட்டத்துக்குக் கிழக்கு வாசல். வலமாகச் சுற்ற வேண்டும் என்றார்கள். அது எங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? ஆனால் வாசலைக் கண்டதும் பதினாலு பேரும் ஒருவர்போலச் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டோம். புனிதமான இடம் என்றால் கால் தானாகக் கழற்றுகிறதே! பெரியவர் மைக்கில் சிரித்தார்: "நண்பர்களே, செருப்பைப் போடுங்கோ. விடியவே இஞ்ச வாத்துகள் வந்து எச்சம் போட்டிட்டுப் போனதுகள்." முழுப் பூங்காவும் சிரித்தது. எங்கள் பக்கத்து வீட்டு அங்கிளுக்கு அந்த எச்சரிக்கை கொஞ்சம் பிந்திவிட்டது.

பறை தொடங்கியது. ஏழெட்டுப் பேர் ஒரே பறையைச் சுற்றி இருந்து அடித்தார்கள். அந்த அடி எனக்கு நெஞ்சாங்கூட்டுக்குள் கேட்டது. வட்டத்தைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் எழுந்து தொப்பியைக் கழற்றினார்கள். ரோஸ் வாசலில் நின்றாள். ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மார்லின், நான், வசந்தி, எல்லோரும். திரும்பி, காலை எடுத்து வைத்தாள். உடுப்பு மழையாகப் பெய்யத் தொடங்கியது.

மைக்கில் அவள் பெயரைச் சொல்லி, "ரோஸும் அவளின்ர குடும்பமும்" என்று அறிவித்தார்கள். எனக்குக் கண் மறைத்துவிட்டது. என் பிள்ளைகளின் அரங்கேற்றத்திலும் அழாதவள் நான். இந்த மண்ணில் அகதியாக இறங்கி, குடியுரிமைச் சத்தியம் எடுத்து, வீடும் வாங்கினேன். மண்ணுக்குச் சொந்தக்காரர் ஒருவர் என்னைத் தன் வீட்டு ஆளாகச் சொன்னது அன்றுதான். இரண்டாவது சுற்றில் நாங்கள் ஒதுங்கிக்கொள்ள, அவள் தனியாக ஆடினாள். தலை குனியவே இல்லை.

முடிந்ததும், எங்கள் அரங்கேற்றங்களில் கொடுப்பதுபோல அன்பளிப்புக் காசு வைத்த என்வலப்பைக் கைப்பையிலிருந்து எடுத்து, அதைப் போடுகிற பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மார்லின் விழுந்து விழுந்து சிரித்தாள். இங்கே வந்தவர்கள் கொடுப்பதில்லை. பிள்ளையின் குடும்பம்தான் கூட நின்றவர்களுக்குப் பரிசு கொடுக்கும். வடக்கிலிருந்து வரவிருந்த சொந்தக்காரருக்கென்று சேர்த்து வைத்த போர்வைகளையும் கோப்பைகளையும் ரோஸ் தன் கையாலேயே எங்களுக்குக் கொடுத்தாள். என் போர்வை இப்போது சோபாவில் இருக்கிறது. அதில் யாரும் கால் வைத்தால் தெரியும்.

நீங்களும் போவதென்றால்: அநேகமான பவ்வவ்கள் எல்லோருக்கும் திறந்தவை, வெட்கப்படாமல் போங்கள். மடக்குக் கதிரை, தொப்பி, தண்ணீர் கொண்டுபோங்கள். எழும்பச் சொன்னால் எழும்புங்கள், படம் வேண்டாம் என்றால் போனைப் பைக்குள் வையுங்கள். மதுவும் நாயும் வேண்டாம். பொரித்த ரொட்டி எட்டு டொலர், இருவர் சாப்பிடலாம். பட்டுச் சேலை தேவையில்லை, ஆனால் உடுத்தினால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம்.

திரும்பும்போது சப்வே வாசல் வரை மார்லினும் ரோஸும் கூட வந்தார்கள். விசாரணை அடுத்த மாதம் என்றாள் மார்லின். "வாறம்" என்றாள் வசந்தி உடனே. "எல்லாரும் வாறம்."

மார்லின் தலையாட்டினாள். "பிள்ளையள்ட வழக்கு எண்டா உள்ளுக்கு வெளியாக்களை விடமாட்டினம்."

"விடாட்டிப் போகட்டும்," என்றேன். "வெளியில நிப்பம். பிள்ளை திரும்பிப் பார்க்கேக்க ஆக்கள் நிக்கோணும்."